பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை

என் கணவர் இளைத்துவருவதை அவருடைய பெல்ட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆணியைச் சுடவைத்து அதில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். கேட்டால், பெல்ட் தளர்ந்துவிட்டது என்றார். தோல் பெல்ட் தானாகவா தளரும்?

அதற்கு மூன்று மாதம் முன்புதான் தஞ்சோங் மாலிமில் வேலைக்குச் சேர்ந்த மகளுக்கு எங்கள் காரைக் கொடுத்திருந்தோம். அன்றிலிருந்து அவர் ஈப்போவில் வேலை பார்க்கும் பெயிண்ட் கடைக்குப் பேருந்தில் போய்வந்தார். பழைய ரப்பர் தோட்டத்தில் கட்டிய எங்கள் தாமான் குடியிருப்புக்குள் பேருந்து வராது. செம்பனை மரங்களுக்கு நடுவே பெரிய சாலை வரை நடக்க வேண்டும். டவுனில் இறங்கியபின் கடைக்கும் நடைதான். நடந்தால் இளைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இருபது வருடம் வயிறும் தானுமாகக் காரில் போனவர், பேருந்து ஏறிய மூன்றே மாதத்தில் இப்படி ஆவாரா? நான் நம்பவில்லை.

அவருடைய அண்ணனும் இப்படித்தான் இளைத்தார். இனிப்பு நீர் நோய் இருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கால் விரலை எடுத்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

அதனால் இவர் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். குடையும் துண்டும்தான் இருந்தன. எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறார் என்று கவனித்தேன். வீடு திரும்பத் தாமதமானால், பஸ் வரவில்லை என்பார். ஒருவேளை ரகசியமாக டாக்டரிடம் போகிறாரோ என்று தோன்றும்.

ஒரு நாள் காலை, அவர் கிளம்பியதும் நானும் பின்னாலேயே போனேன். அவர் நடையின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, சாக்கடைப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பியவர், என்னருகே வந்தார்.

"எதுக்கு என் பின்னாலயே வாரே?"

"உண்மையச் சொல்லுங்க. உங்க அண்ணே மாதிரி எதையாச்சும் மறைக்கிறீங்களா?"

அவரும் பாலத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்தில் அவருடைய பேருந்து நிற்காமல் போனது.

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான் இருக்கு. போய்ப் பாக்கத்தான் பயமா இருக்கு," என்றார்.

அவர் கடைக்கு லீவு சொல்ல, இருவரும் அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். தாதி அவர் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை சரியாகவே இருப்பதாகச் சொன்னார். தினமும் எவ்வளவு நடக்கிறார் என்று கேட்டுத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்களும் கைய நீட்டுங்க. பாத்துருவோம்லா."

எனக்கு அதிகமாக இருந்தது. மெஷின் கெட்டிருக்கும், வேறு மெஷினில் பாருங்கள் என்றேன். பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்த இரத்தத்திலும் மாற்றமில்லை.

இப்போது தினமும் காலையில் அவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறேன். அவர் ஏறியதும் தனியாகத் திரும்புகிறேன். நான் இளைத்துவிட்டதாக அவர் சொல்கிறார். என் மனம் கோணாமலிருக்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன். போன மாதம் கிளினிக்கில் எடை பார்த்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தது. செருப்பைக் கழற்றியதால் இருக்குமோ என்று, மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். அப்போதும் குறைவாகத்தான் காட்டியது.