குறுக்கே வராத நாய்

அந்த லைட்டுகளை விற்றுத் தொலைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. கார் ஷோவுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து நானே கட்டிய எல்இடி ஹெட்லைட் ஜோடி. வளையம் வளையமாக எரியும். சேலத்தில் கப்பு வாங்கியது அதனால்தான். என் மகளின் நெற்றியில் ஆறு தையல் விழுந்ததும் அதனால்தான்.

இந்த இரண்டாவது விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் ராசிபுரத்திலிருந்து பொழுது சாய்ந்து திரும்பும்போது, வளைவில் இருந்த சின்னப் பாலத்துச் சுவர் என் கண்ணுக்கே படவில்லை. எதிரில் நிற்பவன் கண்ணைப் பறிக்கிற அந்த லைட்டு, ஓட்டுகிறவனுக்குப் பாதையைக் காட்டாது. இடது கதவு நசுங்கியது. லைட்டில் ஒரு கீறல் இல்லை, கொடுமையைப் பாருங்கள்! மகள் தூக்கத்தில் இருந்தாள். வீட்டில் கேட்டதற்கு, "நாய் குறுக்க வந்திருச்சு" என்றேன். நாயுமில்லை, பேயுமில்லை.

ஆன்லைனில் படம் போட்டதும் கெங்கவல்லிப் பக்கமிருந்து ஒருத்தர் வந்துவிட்டார். போர் போடுகிற ரிக் வண்டி நிறுத்துகிற என் நீட்டு ஷெட்டில் கார் நின்றது. லைட்டுகளை இன்னும் கழற்றவில்லை. போட்டுக் காட்டினேன். முன்னால் நின்று, பட்டப்பகலிலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அண்ணே, சும்மா தகதகன்னு இருக்குண்ணே!" என்றார். எல்லோரும் முன்னால் நின்றுதான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தானே ஏமாந்தேன்?

"ஷோவுக்குத்தானுங்க?"

"இல்லண்ணே, சொந்த வண்டிக்கு. சம்சாரத்துக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வீட்ல கொண்டு விடணும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலதான் கிளம்புவோம்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்தா என் வீட்டுக்காரி மோரோடு வர வேண்டும்? மகளும் பின்னாலேயே வந்தாள்.

"நெத்தியில என்ன பாப்பா?" என்று கேட்டார் அவர்.

"நாய் குறுக்க வந்திருச்சுங்க. எங்கப்பா வண்டியைத் திருப்பி நாயைக் காப்பாத்திட்டாருங்க."

பள்ளிக்கூடம் பூராவும் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கூனிக் குறுகிப் போனேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா? உண்மையைச் சொன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவேன்? சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைத்தாச்சியின் கதி?

"ஏனுங்க, ஓட்டற சீட்ல ஏறி உக்காருங்க" என்றேன். குரல் எனக்கே கடுகடுவென்று கேட்டது. ஷட்டரை இறக்கி ஷெட்டை இருட்டாக்கினேன். மறுகோடியில், காருக்கு நேர் எதிரே, ஒரு லாரி டயரை நிறுத்திவிட்டு வந்து லைட்டைப் போட்டேன். வெளிச்சமெல்லாம் கூரைத் தகரத்துக்குப் போய்விட்டது.

"முன்னால என்ன தெரியுதுங்க?"

"ஒண்ணும் தெரியலையேண்ணே."

"அங்க லாரி டயர் நிக்குதுங்க. அன்னிக்குப் பாலத்துச் செவுரும் எனக்கு இப்படித்தானுங்க தெரியாமப் போச்சு. இது மேடையில நிக்கற வண்டிக்குங்க. பிள்ளைத்தாச்சியை வெச்சு ஓட்டாதீங்க."

வீட்டுக்காரி மோர்ச் சொம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. ஷட்டரைத் தூக்கினேன். வந்தவர் இறங்கி, என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு வெறுங்கையோடு போனார்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப நாய் வரவே இல்லையாப்பா?"

"இல்ல சாமி. அப்பாதான் பொய் சொன்னேன்."