நாற்பது டொலர் ஸ்கோப்பும் ரப்பர் சுத்தியலும்

1. கவுண்டரில் வைத்த துவக்கு

திரேசக்கா துவக்கைக் கவுண்டரில் வைத்தபோது கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெடிக்காதபடி அதன் போல்ட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு, துவக்கை ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு.

"தம்பி, நீர் தந்த ஸ்கோப் பொய் சொல்லுது," என்றார்.

"என்னக்கா நடந்தது?"

"விடிய நரி வந்தது. ஆட்டுக்குட்டியை வாயில கவ்விக்கொண்டு நிண்டது. அறுபது யார் தூரம்கூட இராது. குறுக்குக் கோட்டை அதின்ர நெஞ்சிலதான் வைச்சனான். வெடி அங்கால மண்ணில பட்டுது. நரி குட்டியோட ஓடிப்போட்டுது."

துவக்கின்மேல் பூட்டிக் குறிபார்க்கும் அந்தத் தொலைநோக்கியை, அந்த ஸ்கோப்பை, மூன்று வாரத்துக்கு முன் தெரிந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். பூட்டியவனும் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. டண்டினொங் கடைத்தெருவில் கிரிக்கெட் மட்டை, தூண்டில், துவக்கு எல்லாம் விற்கும் கடையொன்றில் பின்பக்க மேசை எனக்கு. பைனாகுலர், ஸ்கோப், மீன்பிடி ரீல் என்று எது வந்தாலும் திருத்த வேண்டும். அதற்கு முன் கொழும்பில் நில அளவைக் கருவிகளைத் திருத்தும் பட்டறையில் பதினொரு வருடம் இருந்தவன். லென்ஸ் என்றால் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு நிறைய இருந்தது.

திரேசக்கா யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. கணவர் கார் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். இருவருமாகப் பக்கத்து ஊரான ரோவிலில் ஒரு புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்த்தார்கள். இன்றைக்கு ரோவிலில் வீடு வாங்குகிறவர்களிடம் அங்கே ஆடு மேய்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நரி வருவது விடியற்புறம். அந்த நேரம் கணவர் வேலைக்குப் போயிருப்பார். அக்காதான் லைசன்ஸ் எடுத்து, பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சுடப் பழகியிருந்தார்.

"இது மூண்டாவது குட்டி," என்றார். "இன்னும் ஆறு ஆடு ஈன இருக்கு. இந்த முறையும் குட்டியளை நரிக்குக் குடுத்தா எல்லாத்தையும் வித்துப்போட்டு ஃபாக்டரிக்கு வாவெண்டு இவர் சொல்லிப்போட்டார். நான் விக்கமாட்டன் தம்பி. எனக்கு ஒழுங்கா ஒரு ஸ்கோப் வேணும்."

2. கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று

மூன்று வாரத்துக்கு முன் அவர் வந்தபோது கையில் நாற்பது டொலர் வைத்திருந்தார். ஸ்கோப், அதைத் துவக்கில் பிடிக்கும் ரிங், எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அப்போது அவர் கேட்டது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் ஞாபகம்.

"யூட் வண்டியில, பின்தட்டில போட்டுக்கொண்டு திரியிற துவக்கு தம்பி. புல்லுக்குள்ள கிடங்கும் பள்ளமும்தான். இது அசையாம நிக்குமோ?"

நல்ல கேள்வி. கேட்கவேண்டிய ஒரே கேள்வி. நானோ, "முதல்ல ஒருக்கா இதுக்குள்ளால பாருங்கோ அக்கா," என்று மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை கூட்டிக் குறைக்கும் ஒரு ஸ்கோப்பை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் தபாற்கந்தோர் மணிக்கூட்டின் சின்ன முள்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. "ஐயோ, நல்ல வடிவாத் தெரியுது," என்றார். நான் பெருமையோடு தலையை ஆட்டினேன். அந்த விலைக்கு அப்படி ஒரு கண்ணாடி கிடைக்காது என்பது உண்மைதான். அதற்கு முப்பத்திரண்டு டொலர். மிச்ச எட்டு டொலருக்கு ஒரு மெல்லிய அலுமினிய ரிங் சோடியைப் பூட்டி அனுப்பிவிட்டேன்.

அசையாமல் நிற்குமா என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. அளவைக் கருவியை மூன்று காலில் நிறுத்தி, காற்றுக்கும் குடை பிடித்துப் பார்க்கிற தொழிலில் இருந்து வந்தவன் நான். அங்கே கருவிக்குக் கண்ணாடிதான் உயிர். ஒவ்வொரு வெடிக்கும் உதை வாங்கும் கருவியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

3. அடி

"அக்கா, சனிக்கிழமை வாறன். அதுக்குள்ள சரியானதைக் கொண்டுவாறன்," என்று சொல்லி, ஸ்கோப்பையும் ரிங்கையும் மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்பினேன். அன்று புதன்கிழமை.

சொல்லிவிட்டேனே தவிர, சரியானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றையும் துவக்கில் பூட்டிச் சுட்டுப் பார்க்கத் தோட்டாவும் இல்லை, நாளும் இல்லை. அப்போதுதான் கடையின் மூலையில் கால் உடைந்து கிடந்த பழைய லெவல் கருவி கண்ணில் பட்டது. அளவைக்காரரின் லெவல், உள்ளே குறுக்குக் கோடுள்ள ஒரு தொலைநோக்கி. அதை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் கழற்றிப் பூட்டத் தெரியும்.

இரண்டு தொலைநோக்கிகளை முகத்துக்கு முகம் பார்க்க வைத்தால், ஒன்றின் குறுக்குக் கோடு மற்றதில் வெகு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். லெவலை மேசையின் வைஸ் பிடியில் இறுக்கி, அதன் பின்னால் ஒரு பல்ப்பை எரியவிட்டேன். ஸ்கோப்பை ஒரு இரும்புச் சட்டத்தில் ரிங்கோடு பூட்டினேன். சட்டம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உட்கார மேசையில் மூன்று முளை அடித்தேன். இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று கொண்டுவந்து, சட்டத்தை வெளியே எடுத்து, ரப்பர் சுத்தியலால் ஐம்பது அடி. பிறகு மறுபடி முளையில் வைத்துப் பார்ப்பது.

திரேசக்காவின் ஸ்கோப் பத்தாவது அடிக்கே விலகியது. உருப்பெருக்கும் வளையத்தைத் திருப்பினால் கோடு தானாக வேறு நகர்ந்தது. அந்த அலுமினிய ரிங்குக்குள் குழாய் வழுக்கிய தடமும் தெரிந்தது. மலிவு விலையில் அத்தனை வித்தையும் காட்டும் சாமானுக்குள் எதைக் குறைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் விட்டது என் மடத்தனம்.

சத்தம் கேட்டு முதலாளி கெவின் வந்தார். அவருடைய இங்கிலீசை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அதில் பாதி கெட்ட வார்த்தை, விட்டுவிட்டேன்.

"கூட்டாளி, நீ என்ர புதுச் சரக்கை எல்லே உடைக்கிறாய்!"

"உடையிறதைத்தான் தேடுறன்."

"உடைஞ்சதை நான் ஆருக்கு விக்கிறது?"

"ஒருத்தருக்கும் விக்கக்கூடாது. அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்பும்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்ற வைராக்கியமும் வந்துவிட்டது. கெவின் என்னைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார். "வாற ஆக்களுக்குக் கேக்காமல் அடி," என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

வியாழனும் வெள்ளியும் அடித்தேன். தட்டின் அடியில் நான்கு மடங்கு ஸ்கோப் நாலு கிடந்தது. ஒரே மடங்குதான், கூட்டிக் குறைக்க முடியாது. விலை இருபத்திரண்டு டொலர். ஓரத்தில் நிறம் சிதறும், வெளிச்சமும் மட்டு. கடையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அவற்றைத் திரும்பியும் பார்த்ததில்லை. நாலில் இரண்டு விலகிவிட்டன. மற்ற இரண்டும் ஐம்பது அடி வாங்கியும் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. இன்னும் ஐம்பது அடித்தேன். அப்போதும் இல்லை.

அதில் ஒன்றையும், பதினெட்டு டொலர் இரும்பு ரிங் சோடியொன்றையும் எடுத்துக்கொண்டேன். அதே நாற்பதுதான். முதல் தடவை பெரும்பகுதியைக் கண்ணாடியில் கொட்டியிருந்தேன். இந்தத் தடவை ஏறக்குறையப் பாதி, பிடிமானத்துக்குப் போனது.

4. அட்டையில் ஓட்டைகள்

சனிக்கிழமை ரோவிலில் திரேசக்கா புது ஸ்கோப்புக்குள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"முந்தினதுதான் வடிவு, தம்பி."

"ஓம் அக்கா. இது வடிவில்லை. ஆனா அசையாது."

மண்மேட்டில் ஒரு அட்டையை நிறுத்திச் சுட்டுச் சுட்டுச் சரிப்படுத்தினோம். கடைசி மூன்று ஓட்டையையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடலாம். அக்கா வண்டியில் ஏறும்படி எனக்குத் தலையை ஆட்டினார். துவக்கைக் காலியாக்கி யூட்டில் போட்டு, கிடங்கும் பள்ளமும் பார்த்து இரண்டு சுற்று ஓட்டினார். இறங்கி, மறுபடி மூன்று வெடி வைத்தார். போய்ப் பார்த்தோம். அதே கோப்பைக்குள் ஆறு ஓட்டை.

அக்கா அட்டையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். "இவருக்குக் காட்ட," என்றார்.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போன் வந்தது.

"ஒரு வெடிதான் தம்பி. நரி கிடக்குது."

நான் கத்தியே விட்டேன். கெவின் முன்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லதக்கா! இனி நிம்மதிதானே?"

"ஓம். மற்றதுகள் தப்பியிடும். நான் இனி விக்கமாட்டன். ஆனா அண்டைக்குக் குட்டியைப் பறிகொடுத்த ஆடு இன்னும் கத்திக்கொண்டு நிக்குது. வேலியடியை விட்டு வருகுதில்லை."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. காசு மட்டாக இருந்தால் மடங்கைக் குறையுங்கள், பிடிமானத்தைக் குறைக்காதீர்கள். வாங்க வந்தவர் என்ன கேட்கிறார் என்பதை முழுக்கக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

ரோவிலில் ஆடு கத்துவது டண்டினொங்கில் கேட்காது. ஆனாலும் அந்த மேசையில் இருந்த மிச்ச வருடமெல்லாம், இது அசையாமல் நிற்குமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் சுத்தியலைத்தான் எடுத்தேன்.