ஏலத்தில் எடுத்த கார் மலையேறுமா?

வண்டிக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். ஆனால் சில வருடங்களாக, வண்டி வாங்கப் போகிறவர்களுக்குத் துணைக்குப் போவதுதான் பெரிய தொழிலாகிவிட்டது.

கொடைக்கானல் ஏறுகிற வழியில், பெருமாள்மலையில் ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தவணை நின்றுபோன வண்டிகளை பைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், மலைக்குக் கீழே ஒரு யார்டில் நிறுத்தி ஏலம் விடுவார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டிகளும் அங்கேதான் வந்து சேரும். முன்பெல்லாம் புரோக்கர்கள் மட்டும் போய்வந்த இடம். இப்போது செல்போனில் போட்டோவைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கார் போதும் என்கிறவர்களும் போகிறார்கள். போகும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்கள்.

ஏல வண்டிக்கு ஒரே சட்டம்தான்: ‘இருக்கிற இடத்தில், இருக்கிறபடியே.’ பானெட்டைத் தூக்கிப் பார்க்கலாம். பேட்டரியில் உயிர் இருந்தால் எஞ்சின் சத்தத்தைக் கேட்கலாம். கேட்டைத் தாண்டி ஓட்டிப் பார்க்க மட்டும் விடமாட்டார்கள். சமதளத்தில்கூட ஓட்டிப் பார்க்காத ஒன்றை வாங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய வண்டி வாங்கித் தூக்கம் கெட்டவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் பயத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தனி ஆள் ஏலத்தில் கார் எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு, நான் வாயைப் பிளந்து நின்ற சில சமயங்களை மட்டும் சொல்கிறேன்.

பீரோ வாசம்

கொடைக்கானல் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் ஸ்டெல்லா டீச்சர். சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வர ஒரு சின்ன கார் வேண்டும் என்றார். யார்டில் வெள்ளி நிறத்தில் ஒன்று நின்றது. கல்யாணப் பெண் மாதிரி மினுமினுப்பு. எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. அடியில் படுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எடுக்கலாம் டீச்சர் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து நான் தள்ளி நின்றேன். வெகுநேரம் கழித்து இறங்கி, என்னை ஏறி மூச்சு இழுத்துப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சென்ட் வாசனை மட்டும்தான் தெரிந்தது. அவர் விடவில்லை. சரி என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுத்தேன். யாரும் இழுத்தே பார்க்காத அந்தக் கடைசி முழத்திலிருந்து காய்ந்த வண்டல் என் உள்ளங்கையில் பொலபொலவென்று கொட்டியது. எந்த ஊர் வெள்ளமோ, கூரை வரைக்கும் தண்ணீரில் கிடந்த வண்டியைக் கழுவித் துடைத்து இப்படி நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் செய்தவன் கையையும் மெச்ச வேண்டும், டீச்சர் மூக்கையும் மெச்ச வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“மழை மாசம் முடிஞ்சு கொடைக்கானல்ல பீரோவைத் திறந்தவளுக்கு இந்த ஸ்மெல் தெரியாதா தம்பி? மேல சென்ட் அடிச்சா உள்ள இருக்கிற ஈரம் போயிடுமா?”

தூக்கின கை

ஏரிக்குப் போகிற வழியில் சாக்லேட் கடை வைத்திருக்கும் டேவிட் அண்ணன் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. விலை சொன்னால்கூட வாங்க வந்தவர்கள் குனிந்துதான் கேட்க வேண்டும். ஏலத்துக்குப் போகும் வழியிலேயே, இதுக்கு மேல் போகமாட்டேன் என்று ஓர் அளவைச் சொல்லிவிட்டார். தாண்டினால் தன் முழங்காலை அழுத்தச் சொல்லி, எனக்குப் பொறுப்பும் கொடுத்தார்.

முன் வரிசையில் ஒரு புரோக்கர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விலையை ஏற்றிக் கேட்டுக்கொண்டே போனார். அண்ணன் கை மேலே போனது. போனது போனதுதான். முழங்காலை அழுத்தினேன், கிள்ளினேன், காதில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சாமி வந்த முகம். கோயிலில் பறை அடிக்கும்போது பார்த்திருக்கிறேன், ஃபேன் ஓடுகிற ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அன்றைக்குத்தான் பார்த்தேன். புரோக்கர் விட்டுக்கொடுத்தார், சுத்தியல் விழுந்தது. அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பி, எந்த வண்டி என்று கேட்டார். அவர் ஆசைப்பட்ட வெள்ளை வண்டி அதற்கு முன்பே போயிருந்தது. இது கடுகு நிறத்தில் ஒன்று, நாங்கள் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காதது. இதில் அதிசயம், அந்த வண்டி இன்றுவரைக்கும் ஆயில் மாற்ற மட்டும்தான் என்னிடம் வருகிறது. அன்றைக்கு என்ன ஆயிற்று என்று எப்போது கேட்டாலும் அண்ணன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்வார்.

“தூக்கினது நான்தான்பா. ஆனா தூக்கினதுக்கப்புறம் அது என் கை மாதிரியே இல்ல.”

படுத்துப் பார்த்தவர்

கொடைக்கானலையும் தாண்டி, மலைக்கோடியில் இருக்கும் கிளாவரையில் பூண்டும் பீன்ஸும் போடுகிற முருகையா, யார்டில் ஒரு பழைய ஜீப்பைக் காட்டினார். அதற்குச் சாவியே கிடையாது. எஞ்சின் ஓடுமா என்று பார்க்க வழியில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து அடித்தகடு துருவேறியிருந்தது. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இறங்கி வந்து காரணம் சொன்னார். போன மழைக்கு அவர் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தபோது, முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துத்தான் கொண்டு போயிருக்கிறார்கள். படுக்க முடியாமலே வழியில் போய்விட்டார். அதற்கு மேல் நான் எதைச் சொல்லித் தடுப்பது? ஜீப்பை லாரியில் கட்டி இழுத்து என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். எஞ்சினைப் பிரித்தேன், துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தேன். ஒரு மாதிரி ஓடியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்த மழையில் மரம் விழுந்து பஸ் வராத நாளில், ஊரில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது. இவர் அந்த ஜீப்பில் படுக்க வைத்து, வழியில் கிடந்த மரத்தை ஊர்க்காரர்கள் வெட்டி ஒதுக்க ஒதுக்க, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்துவிட்டார். தாயும் பிள்ளையும் சுகம். அங்கிருந்து நேராகக் கீழே இறங்கி வந்து என் கடைமுன் நிறுத்தினார். ஜீப் முழுக்கச் சேறு, இலை, மரத்தூள். நான் கையால் தொட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று நான் கும்பிட்ட அதே வண்டிதான். எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“சத்தம் போடுதுங்க, புகை விடுது, சீட்டுல ஒரு பக்கம் ஒழுகுது. ஆனா இன்னைக்கு வரைக்கும் ஏத்துன ஆளை வழியில விடலைங்க.”

குருவி

பெங்களூரு கம்பெனி வேலையை வில்பட்டிப் பக்கம் வாடகை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு தம்பி, போட்டோவை மட்டும் பார்த்து ஆன்லைன் ஏலத்தில் கார் எடுத்துவிட்டார். வண்டியை எடுக்க நானும் கூடப் போனேன். முன்பம்பரில் லைட் இல்லாத ஓட்டைக்குள் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. சீட்டுப் பஞ்சு, தேங்காய் நார், வயர் மேலே இருக்கிற பிளாஸ்டிக் தோல் எல்லாம் சேர்த்து அப்படி ஒரு பின்னல். உள்ளே கண் திறக்காத குஞ்சுகள். யாருடைய வண்டியோ, எந்தத் துக்கத்தில் இங்கே வந்து நின்றதோ. அதில் ஒருத்தி குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்தத் தம்பி வண்டியை நகர்த்த மனமில்லாமல் யார்டு வாட்ச்மேனிடம் போனார். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் வண்டியை நிறுத்திவைத்ததற்குக் கூலி கட்ட வேண்டும் என்பது விதி. வாட்ச்மேன் வந்து குனிந்து பார்த்தார். உள்ளே போய், ஒரு சாக்கை எடுத்துவந்து பம்பருக்கு வெயில் படாமல் தொங்கவிட்டார். ஆபீசில் தானே பேசிக்கொள்வதாகவும், குஞ்சு பறந்த பிறகு போன் பண்ணுவதாகவும் சொன்னார். அப்படியே செய்தார், கூலியும் கேட்கவில்லை. இதெல்லாம் உங்கள் ரூல்ஸில் இருக்கிறதா என்று தம்பி கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

“‘இருக்கிறபடியே’ன்னு சம்மதிச்சுத்தானே சார் எடுத்திருக்கீக. குருவியும் அந்த இருக்கிறதுல சேர்த்திதான்.”

கேட்டோரம் நின்றவர்

பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் கந்தசாமி அண்ணாச்சிக்கு, குடும்பமாகப் போய்வரப் பெரிய வண்டி ஒன்று பார்த்துக்கொடுத்தேன். டாக்சியாக ஓடிய வண்டி. கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. நம்பி எடுக்கலாம் என்றேன். ஏலமும் படிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்தி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவதாக அண்ணாச்சி வீட்டுக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை வெளியே கொண்டுவந்தபோது, கேட்டோரம் நின்ற ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். தேய்ந்த சட்டை, ஆனால் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது. அந்த வண்டி தன்னுடையதாக இருந்தது என்றார். பெயர் செல்வநாயகம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொடைக்கானல் மேல்மலையில் குடியேறிய குடும்பம். சீசன் படுத்த மாதங்களில் தவணை நின்று, வண்டியைத் தூக்கிவிட்டார்கள்.

ஏதோ தகராறு பண்ண வந்திருக்கிறார் என்று அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றப் போனார். எனக்கும் அதே பயம்தான். அவர் குரலை உயர்த்தவே இல்லை. இடதுபக்க முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகிற குழாய் உள்ளுக்குள் வீங்கியிருக்கிறது, சமதளத்தில் தெரியாது, மலை இறங்கும்போது சக்கரம் பிடித்துக்கொண்டு சூடேறி, பாதி வழியில் பெடல் தரைக்குப் போய்விடும் என்றார். மாற்ற நினைத்த வாரம்தான் வண்டி கையைவிட்டுப் போயிருக்கிறது. எந்த நாளில் ஏலம் என்று விசாரித்து, வாங்குகிறவரிடம் சொல்வதற்காகவே வெள்ளனே முதல் பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். ஏலத்துக்கு முன் சொன்னால், விலையைக் கெடுக்க வந்ததாக யார்டில் அடித்து விரட்டிவிடுவார்கள் என்று கேட்டிலேயே காத்திருந்திருக்கிறார்.

ரோட்டோரப் புளியமர நிழலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தக் குழாயைக் கழற்றினேன். வெளியே புதுசு மாதிரி இருந்தது. கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்தால், உள்ளே ஒரு ஊசி நுழைகிற வழிகூட இல்லை. அதை அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், பிறகு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாரோ என்னவோ, மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். செல்வநாயகத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டார். பணம் எடுத்து நீட்டினார். அவர் இரண்டையும் மறுத்துவிட்டு, டீ மட்டும் குடித்தார். உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டவனுக்கு இதை ஏன் செய்தீர்கள் என்று அண்ணாச்சி கேட்டார். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

“வண்டி போனாப் போகட்டுங்க. அதுல ஏறி வாறவங்க போகக் கூடாது.”

ஆகவே தனி ஆள் ஏலத்தில் கார் எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம் என்பேன். ஆனால் நான் நல்லது என்ற வண்டியில் வண்டலும் அடைத்த குழாயும் இருந்தன, வேண்டாம் என்ற வண்டி ஆம்புலன்ஸாக ஓடுகிறது, பார்க்கவே பார்க்காத வண்டி பழுதே ஆகவில்லை என்பதால் என்னை மட்டும் கேட்காதீர்கள்.