முதல் லோட்டுக்கு ஒரு வீட்டு ஆள்

போன கிழமை நான் ஒரு லொறியில் ஏறினேன்.

என்னை நேரில் தெரிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசித்திருப்பார்கள். ஓட்டோவில் ஏறினாலும் முன்னால் இருக்கிற கம்பியைப் பிடித்தால் இறங்கும்வரை விடாதவள் நான். கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் ரோட்டைக் கடப்பதென்றால், வேறு யாராவது கடக்கும்வரை காத்திருந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டு போகிறவள். வாராவாரம் இந்தப் பத்தியில் நான் வாய் கிழியப் பேசுவதைப் பார்த்து, நீங்கள் நல்ல தைரியசாலி என்று சிலர் மெசேஜ் அனுப்புகிறீர்கள். பேனா பிடிக்கிற கைக்கு ஒரு தைரியம் உண்டு. அது ரோட்டுக்கு வராது.

பிறகு ஏன் லொறியில் ஏறினேன்? என் கணவருக்கு வேலை வேண்டும். அதனால்தான்.

இவர் கட்டாரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிற வேலையில் இருந்தவர். திரும்பி வந்த அன்று எங்கள் மகள் இவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள், "வாப்பா எங்க?" என்று கேட்டால் என் போனைத்தான் காட்டினாள். போனுக்குள் இருந்த வாப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். இனி வெளிநாடு இல்லை என்று இவர் அப்போதே முடிவெடுத்தார். கனரக வாகன லைசென்ஸ் எடுத்தார்.

லைசென்ஸ் வந்தது. வேலைதான் வரவில்லை.

ஹாட்வெயார் கடை, அரிசி ஆலை, மண் ஏற்றுகிற டிப்பர்காரர்கள் என்று ஊரில் லொறி வைத்திருக்கிற அத்தனை பேரிடமும் போனார். எல்லாரும் மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"எக்ஸ்பீரியன்ஸ் இரிக்கா?"

"இல்ல, இப்பதான் லைசென்ஸ் எடுத்த."

"அப்ப எங்கயாச்சும் கொஞ்சம் ஓடிப் பழகிட்டு வாங்க."

எங்கே ஓடிப் பழகுவது? லொறியைத் தந்தால்தானே பழகலாம்? கல்யாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் முடியும் என்று சும்மாவா சொன்னார்கள்...

கொழும்புக்கு மீன் ஏற்றுகிற லொறி ஒன்றுக்கு ஆள் தேவை என்று ஒரு கதை வந்தது. ராத்திரி முழுக்க ஓடி விடிவதற்குள் மீனை இறக்க வேண்டும். புதிய டிரைவர் என்றாலும் பரவாயில்லையாம். அந்தப் ‘பரவாயில்லை’தான் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளூர் வேலை என்றால் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று நின்றுவிட்டேன்.

இதற்கிடையில் ஏஜென்ட் ஒருவர் தினமும் போன் எடுத்தார். சவூதியில் வீட்டு டிரைவர் வேலை, விசா தயார், மாதம் முடிவதற்குள் பாஸ்போர்ட்டைத் தர வேண்டும். இவர் பாஸ்போர்ட்டை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மகள் அதை எடுத்து விளையாடினாள். நான் பறித்து உயரத்தில் வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் மறுபடி மேசையில் இருந்தது.

அப்போதுதான் ஜவாஹிர் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவருக்கு நெல் ஏற்றுகிற லொறிகள் இருக்கின்றன. வெள்ளாமை வெட்டுக் காலம், ஆள் பற்றாக்குறை. லொறி தருவதாகச் சொன்னார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம்.

"புது டிரைவர் எண்டா முதல் லோட்டுக்கு வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்துல இரிக்கணும். சொந்த ஆள் பக்கத்துல இருந்தாத்தான் கால் அக்ஸிலேட்டர அமத்தாது. முந்தி ஒருத்தன் தனியப் போய் என்ட லொறிய வாய்க்காலுக்குள்ள போட்டுட்டான்."

இவர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். இதென்ன பெரிய காரியம்? ஆண்கள் நிறைந்த குடும்பம். முதலில் இவருடைய அண்ணன், காக்காவிடம் கேட்டோம். அவருக்கு அன்றைக்குப் பார்த்து நாரி நோவு, இடுப்பை அசைக்க முடியாதாம். என் தங்கையின் மாப்பிள்ளைக்கு நிந்தவூரில் ஒரு கல்யாண வீடு, கட்டாயம் போக வேண்டியது. என் வாப்பாவின் தம்பி, சாச்சா, நேர்மையானவர். "புது டிரைவருக்குப் பக்கத்துல எனக்கு ஏலாது மகள். பயம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

கடைசியில் வீட்டு ஆள் என்று மிஞ்சியது யார்? வீட்டில் இருக்கிற ஆள்தான்.

அபாயாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் லொறியில் ஏறியதை ஜவாஹிர் முதலாளி பார்த்தார். அவர் எதிர்பார்த்தது ஒரு மச்சானை. வாயைத் திறந்தார், மூடினார். பொம்பிளை ஆள் கூடாது என்று அவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லையே.

ஏறியவுடன் பிடிக்கக் கம்பி தேடினேன். கதவுக்கு மேலே ஒன்று இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

போகும்போது லொறி வெறுமையாக இருந்தது. அதுவே எனக்குப் போதுமான பயம். ஆற்றுக்குக் குறுக்கே போகிற கிட்டங்கித் தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீர். மேலே உட்கார்ந்து பார்த்தால் ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிகிறது. ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன். சின்ன வயதிலிருந்து ஓதுகிறேன், பாதியில் மறந்துபோனது. மறுபடி தொடங்கினேன். மறுபடி அதே இடத்தில் மறந்தது. பக்கத்தில் இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி ஒரு கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. ஓட்டுகிறவருக்கே வேர்க்கிறதென்றால் நான் யாரை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்?

நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வயலில் நெல் ஏற்றினார்கள். மூட்டை ஏற ஏற லொறி அமர்ந்தது. திரும்பும் வழி வாய்க்கால் ஓரமாக ஒரு கிறவல் ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளத்தில் வயல். நடுவில் லொறியின் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம். முதல் நாள் மழை பெய்து ஓரம் ஊறிக் கிடந்தது. கொஞ்ச தூரம் வந்திருப்போம், எதிரே ஒரு டிப்பர்.

லோட் உள்ள வண்டிக்கு வெறும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பார்கள். டிப்பர் வெறும் வண்டிதான். ஆனால் அதன் டிரைவர் இறங்கி வந்தார். இளம் ஆள், நிதானமாகத்தான் கதைத்தார்.

"அண்ணே, எனக்குப் பின்னால இன்னும் டிப்பர் வந்து நிக்குது. எங்களுக்குப் பின்னுக்கு எடுக்க ஏலாது. நீங்கதான் அந்த வயல் வாசல் வரைக்கும் எடுக்கணும்."

வயல் வாசல் என்பது லொறி ஒதுங்கி நிற்கக்கூடிய ஓர் அகலமான இடம். நாங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டோம். நெல் லோட்டோடு, ஊறிய மண்ணில், வாய்க்கால் ஓரமாகப் பின்னுக்கு. இவர் இறங்கிப் போய் ரோட்டைப் பார்த்தார். திரும்பி வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்தார். கியரைப் போட்டார், மறுபடி எடுத்தார்.

டிப்பர்காரருக்கும் விளங்கியிருக்க வேண்டும். "புதுசா அண்ணே? நான் எடுத்துத் தரட்டா?" என்று கேட்டார். கேலியாக இல்லை. உண்மையாகவே உதவத்தான் கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. "குடுங்க மச்சான், அவரே எடுக்கட்டும்" என்று இவருடைய காதுக்குள் சொன்னேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி.

இவர் என்னைப் பார்த்தார். "இண்டைக்கு அவர் எடுத்தா, நாளைக்கு ஆரு எடுக்குற?"

மேசையில் கிடக்கிற பாஸ்போர்ட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"நீ இறங்கிப் பின்னால நிண்டு பாத்துச் சொல்லு" என்றார். லொறிக்குத் துணையாக வருகிற கிளீனர் அன்றைக்கு வேறு லொறியில் போயிருந்தார். என்னைவிட்டால் ஆள் இல்லை.

இறங்கினேன். லொறிக்கு நேர் பின்னால் போய் நின்றேன். "உன்னக் காணல்ல, கண்ணாடியில தெரியிற இடத்துல நில்லு" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. பக்கவாட்டில் நகர்ந்தேன். கிளீனர்மார் லொறியின் பின்புறத்தில் தட்டித் தட்டிச் சத்தம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வார்த்தைகள் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"வாங்க மச்சான்... வாங்க... இன்னும் வாங்க..."

சோற்றுக்குக் கூப்பிடுகிற அதே குரல். டிப்பர்காரர்கள் சிரித்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் பின் சில்லையும் வாய்க்கால் ஓரத்தையும்தான். சில்லு உருண்டது. ஓரம் கிட்டக் கிட்ட வந்தது. பிறகு சில்லுக்குக் கீழேயிருந்து ஒரு மண்கட்டி கழன்று வாய்க்காலுக்குள் விழுந்தது.

நான் போட்ட சத்தம் தூரத்தில் இருக்கிற சாகாமம் வரை கேட்டிருக்கும்.

லொறி நின்றது. இவர் இறங்கி வந்து பார்த்தார். ஓரத்துக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. "இதுக்கா கத்தின?" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "நல்லம், இப்பிடித்தான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார். ஏறி முன்னுக்கு எடுத்து, நேராக்கி, மறுபடி பின்னுக்கு வந்தார். நான் மறுபடி கத்தினேன். மறுபடி நின்றார். கொஞ்சம் வருவது, நிற்பது, இறங்கிப் பார்ப்பது... இப்படியே எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. டிப்பர்காரர்கள் என்ஜினை நிறுத்திவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

வயல் வாசலுக்குள் லொறி ஒதுங்கியபோது நான் வரம்பிலேயே குந்திவிட்டேன். டிப்பர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. முதல் டிப்பர்காரர் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் நெல் இறக்கப் போன ஆலை வாசலில் ஜவாஹிர் முதலாளி நின்றார்.

"மத்த லொறியெல்லாம் ரெண்டாம் லோட்டுக்குப் போயிட்டு. நீங்க எங்க போன?"

இவர் நடந்ததைச் சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "வரம்பு ஊறிக் கிடந்த முதலாளி. எனக்குப் பயமாயும் இருந்திச்சி. அதான் மெதுவா எடுத்தன்" என்றார்.

வேலை கேட்டு வந்த டிரைவர், முதலாளியின் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வாரா? முதலாளி நெற்றியைத் தடவினார். "பயந்தா எப்பிடி லோட் அடிக்கிற? மற்றவனெல்லாம் அதே ரோட்டாலதானே வாறான்..." என்று இழுத்தார். முடிந்தது என்று நினைத்தேன். ஏஜென்ட், சவூதி, போனுக்குள் வாப்பா. எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எங்கிருந்துதான் எனக்கு வாய் வந்ததோ தெரியாது.

"அவரு பயப்புடாம வந்திருந்தா உங்கட லொறி இப்ப வாய்க்காலுக்குள்ள கிடக்கும். மறுகா எத்தின லோட் அடிப்பீங்க? நான்தான் பின்னால நிண்டு பாத்த. ஒரு சாண்தான் இருந்திச்சி. அந்த ஒரு சாணுக்குள்ள உங்கட லொறியும் இரிக்கி, என்ட மாப்பிள்ளையும் இரிக்கி. நீங்கதானே வீட்டு ஆளக் கேட்ட? நான் வந்திருக்கன். என்னக் கேளுங்க."

ஆலையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் நிலத்தைப் பார்த்தார். சொல்லி முடித்ததும் இரண்டு கையையும் அபாயாவுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

முதலாளி லொறியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பின் சில்லில் அப்பியிருந்த வாய்க்கால் சேற்றைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு இவரிடம், "நாளைக்கு விடியச் சுபஹ் தொழுதுட்டு வாங்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ராத்தா வரத் தேவல்ல" என்றார்.

பாஸ்போர்ட் இப்போது அலுமாரியில், சாரிகளுக்கு அடியில் இருக்கிறது. ஏஜென்டுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். மகள் தெருவில் எந்த லொறி போனாலும் "வாப்பா" என்கிறாள். பரவாயில்லை, போனைக் காட்டவில்லையே. இனி நான் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கே நிம்மதி? இவர் காலையில் போனதும் தொடங்குகிறது. மழை இருட்டினால் கிட்டங்கி ஞாபகம் வருகிறது. அம்புலன்ஸ் சத்தம் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் அரிசி கழுவுகிற கை நின்றுவிடுகிறது. இவருக்குப் போன் பண்ணவும் பயம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்துவிட்டால்? எடுக்காவிட்டால் அதைவிடப் பயம். பின்னேரம் சந்தியில் ஒரு ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்புவார். அந்தச் சத்தம் கேட்கும்வரை அடுப்பில் என்ன வேகிறது என்றே எனக்குத் தெரிவதில்லை. இந்தக் கிழமை மட்டும் எத்தனை கறி அடிப்பிடித்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு லொறிக்குள் இருந்து பயந்தேன், இப்போது குசினிக்குள் இருந்து பயப்படுகிறேன். லொறிக்குள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாவது இருந்தது.