மணியக்காவுக்கு விசரில்லை

இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னும் பழகாத வழக்கம் ஒன்று உண்டு. நோயாளி, "மூலையில் ஒருவன் நிற்கிறான்" என்றால் நாங்கள் மூலையைப் பார்க்கக் கூடாது. அவனைக் கண்டபோது மனசுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு எழுத வேண்டும். மனநோய்த் தாதியாகப் படிக்க வந்து இரண்டு வருடமாகியும் என் கழுத்து தானாக மூலைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

போன கிழமை டொக்டர் ஒரு பழைய பேய்க்கதையை வைத்துப் பாடம் எடுத்தார். ஒதுக்குப்புறமான பெரிய வீடு. பெற்றோர் அருகில்லாத இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த மணமாகாத பெண் தோட்டத்தில் ஓர் ஆணைக் காண்கிறாள். போய்ப் பார்த்தால் ஆளில்லை. அடக்கிவைத்த ஆசைதான் அவள் கண்ணுக்கு ஆணாக வந்து நின்றது என்று டொக்டர் விளக்க, எல்லோரும் தலையாட்டி எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வியாக்கியானத்தை எங்கள் ஊர் நாரந்தனையில், ஒரு புத்தகமும் படியாத வாய்களிலிருந்து சிறுவயதிலேயே கேட்டவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொழும்பில் கடை வைத்திருந்த ஐயா படுத்த படுக்கையாகிவிட, அவரைப் பார்க்க அம்மா போய்விட்டா. என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள நெடுந்தீவிலிருந்து மணியக்கா வந்தா. தூரத்துச் சொந்தம், முப்பதை நெருங்கியும் கலியாணம் சரிவரவில்லை. மூன்றாம் மாதம், தான் குளிக்கும்போது கிணற்றடியில் ஓர் ஆள் வந்து நிற்கிறான், சத்தம் போட்டால் மறைந்துவிடுகிறான், படலை திறந்த சத்தமும் இல்லை என்று சொன்னா. "குமர் முத்தினா இப்பிடித்தான், இல்லாததெல்லாம் தெரியும்" என்றார் பெரியப்பா. வேப்பிலை அடித்தார்கள், நூல் கட்டினார்கள். பேய் என்று சொல்லலாம், விசர், பைத்தியம் என்று சொல்லலாம். மனிசன் என்று மட்டும் சொல்லக் கூடாது. மனிசனென்றால் அவனுக்கொரு பெயர் இருக்குமே!

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரரின் வளவுகளுக்கிடையே, பெண்கள் தெருவுக்கு இறங்காமல் போய்வர, வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு பொட்டு விட்டிருப்பார்கள். கிணற்றடிப் பொட்டு பெரியப்பா வளவுக்குப் போனது. ஒருநாள் மணியக்கா கத்தியபோது குசினி யன்னலால் எட்டிப் பார்த்தேன். பெரியப்பா குனிந்து அதற்குள் போய்க்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு அம்மா ஓடிவந்தா. எல்லோர் முன்னாலும், நான் ஏதும் கண்டேனா என்று கேட்டா. பெரியப்பா கதிரையில் இருந்தார். இல்லை என்றேன்.

"நீயும் காணேல்லையே, பிள்ளை?" என்று மட்டும் மணியக்கா கேட்டா.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவவை நெடுந்தீவுக்கு லோஞ்சில் ஏற்றி அனுப்பிய கிழமையே பெரியப்பா புது ஓலை கட்டிப் பொட்டை அடைத்தார். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவர் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறார். அவ நெடுந்தீவில் "விசர் மணி".

வகுப்பில் கை உயர்த்தி, அந்தத் தோட்டத்து வேலியில் பொட்டு ஏதும் இருந்ததா என்று கேட்டேன். சிரித்தார்கள். கதைக்கு வேலி முக்கியமில்லை என்றார் டொக்டர், அன்பாகத்தான். வேலிதான் முக்கியம், அப்படியொரு வீட்டில் வளர்ந்த பிள்ளை நான், அந்த ஆளை நானும் கண்டேன் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கண்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். அட, போங்களேன்!

அந்த ஆவேசத்தோடேயே அறைக்கு வந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ஒட்டுமுன் ஒருதரம் வாசித்தேன். மழையைப் பற்றிக் கேட்டிருந்தேன், தம்பியின் படிப்பைக் கேட்டிருந்தேன், வழமைபோலப் பெரியப்பாவின் சுகத்தையும் விசாரித்திருந்தேன். மணியக்காவின் பெயர் எங்குமில்லை.