காற்று மெத்தை போன வீடுகள்

படுத்தவர்களைப் புரட்டிப் போடுவதுதான் என் தொழில். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில், எழுந்து நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே ஸ்கூட்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற நர்ஸ் நான். காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இதெல்லாம் ஒரு தலையணையா?" என்று வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுகிற ஆள்தானே நீங்களும்? நானும் அப்படித்தான். ஆனால் ஒன்று, வலிக்கிறது என்றால் கழுத்து உயிரோடு இருக்கிறது. தூக்கத்தில் ஒரு பக்கம் அழுந்தினால் நமக்கே தெரியாமல் மறுபக்கம் புரண்டுவிடுகிறோம். நம்மைக் கேட்காமலே உடம்பு பார்க்கிற வேலை அது. அந்த வேலை நின்றுபோன வீடுகளுக்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

தீப்பெட்டி

திருப்புலிவனம் பக்கத்தில் ஏழுமலை என்று ஒருவர். கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. நாடாக் கட்டில், அதன்மேல் பழைய புடவைகளை மடித்துப் போட்ட விரிப்பு. நாடா தளர்ந்து கட்டில் நடுவில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில்தான் அவர் கிடந்தார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். விரிப்புல ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது" என்று அவர் மனைவி கன்னியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "வலிக்கலியே சிஸ்டர், நல்லாதான் கீது" என்றார் ஏழுமலை. வலிக்காததுதானய்யா ஆபத்து என்று சொல்லிக்கொண்டே அவரை ஒருக்களிக்க வைத்துப் பார்த்தேன். வலது இடுப்புக்கடியில் ஒரு தீப்பெட்டி! அதன் நாலு மூலையும் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தன. விரலால் அழுத்திப் பார்த்தேன், சிவப்பு மறையவில்லை. புண் வரப்போகிறது என்று அர்த்தம். அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"அட, இங்கதான் கீதா? நேத்துலருந்து வூடெல்லாம் தேடிக்கினு கீறோம்!"

வடக்கு

அந்தச் சிவப்பு புண்ணாகிவிட்டது. ஏனென்றால் மனுஷன் எப்போதும் வலது பக்கமே படுத்தார். ஒற்றை அறை வீடு. தலை தெற்கே, கால் வடக்கே. வலது பக்கம் திரும்பினால் வாசலும் தெருவும் தெரியும். இடது பக்கம் திரும்பினால் சுவர்தான். நாள் பூரா சுவரைப் பார் என்றால் யார் பார்ப்பார்கள், நீங்கள் பார்ப்பீர்களா? கன்னியம்மா நடவுக்குப் போகும்போது இடது பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அவர் தெரு முனை தாண்டியதும் இவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து, கை பலத்திலேயே வாசல் பக்கம் திரும்பிவிடுவார்.

"தலைமாட்டையும் கால்மாட்டையும் மாத்திடுங்க. அப்போ இடது பக்கம் படுத்தாலே வாசல் தெரியும், வலது இடுப்பு தப்பிச்சிடும்" என்றேன். சொன்னதுதான் தாமதம், கன்னியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்படிப் போட்டால் தலை வடக்கே வருகிறது. வடக்கே தலை வைத்துப் படுக்கிற வழக்கம் எந்த வீட்டில் உண்டு? கட்டிலைக் குறுக்கே போடலாமென்றால் பீரோவும் அடுப்பும் இடம் கொடுக்கவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், புண்ணைப் போனில் படம் எடுத்துக் காட்டினேன்.

"புண்ணு வந்தா மருந்து போடலாம் சிஸ்டர். வடக்க தல வெச்சா, அதுக்கு இன்னா மருந்து வெச்சிக்கீறீங்க?"

கண்ணாடி

கன்னியம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அடுத்த முறை நான் போனபோது, முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். ஏழுமலை சுவரைப் பார்த்துப் படுத்தாலும் வாசல் அதில் தெரிந்தது. அடி சக்கை என்று கன்னியம்மாவைக் கட்டிக்கொண்டேன். "இப்போ எல்லாம் தெரியுதா?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"எல்லாம் தெரியுது சிஸ்டர். ஆனா நான் கூப்ட்டா, எல்லாரும் என் முதுகாண்டதான் பேசிட்டுப் போறாங்கோ."

மோட்டார்

கண்ணாடி இரண்டொரு நாள்தான் செல்லுபடியானது. மறுபடியும் வலது பக்கம், மறுபடியும் அதே இடுப்பு. இனி காற்று மெத்தைதான் கதி. சின்ன மோட்டார் ஒன்று மெத்தையின் அறைகளில் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பும், வடிக்கும். ஒரே இடத்தில் பாரம் அழுந்தாது. என்னை அனுப்புகிற ஆஸ்பத்திரியிடம் இருப்பது ஒன்றே ஒன்று, வீடு வீடாக மாற்றிக் கொடுப்போம். அதுவும் பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள ஒரு பெரியவரிடம் இருந்தது. அந்தப் பெரியவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஸ்கூட்டியை முறுக்கினேன். துக்கம் கேட்கவா, மெத்தையை மீட்கவா என்று கேட்காதீர்கள், இரண்டுக்கும்தான்.

பிணம் போய்விட்டது. செத்தவர் படுத்த பாயும் தலையணையும் கூடவே போகும், சுடுகாட்டுப் பக்கம் எறிந்துவிட்டு வருவார்கள். மெத்தையும் அப்படியே போயிருந்தது. ஏரிக்கரையில் கருவேல முள் மேல் கிடந்ததை இழுத்து எடுத்தேன். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் மோட்டார்? அது இல்லாமல் மெத்தை வெறும் ரப்பர்தான். தலையில் கை வைத்து நின்றேன். அப்போது பெரியவரின் மகன் மொட்டைத் தலையோடு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார்.

"மோட்டார் பத்திரமா கீது சிஸ்டர். அது எங்க நைனா மேல படல பாருங்க, அதான் வூட்லயே வெச்சிக்கினோம்."

யோசனை

"யார் வூட்லருந்து வருது?" என்பதுதான் கன்னியம்மாவின் முதல் கேள்வி. பொய் சொல்ல முடியாது, சாவுச் சேதி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "யோசிச்சி சொல்றேன் சிஸ்டர்" என்றார். செத்தவர் படுத்ததில் புருஷனைப் படுக்க வைத்தால், அவரையும் அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடுமோ என்கிற பயம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு என்றால் நான் மட்டும் உடனே விரித்துவிடுவேனா?

சுருட்டிய மெத்தை வெளிச்சுவரில் சாய்ந்தே நின்றது. நான் போகும்போதெல்லாம் அங்கேயே நின்றது. உள்ளே புண் எலும்புவரை இறங்கியது, வாடை வந்தது, பிறகு காய்ச்சலும் வந்தது. ஒரு நாள் நான் போனபோது மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மா என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் அடித்தாலும் ஏழுமலையின் முகம் தெளிவாக இருந்தது.

"முதுகுக்கு தூளியில போட்டா மாரி கீது சிஸ்டர். இத ஏன் முன்னாடியே குடுக்கல?"

துணிக்கொடி

காய்ச்சல் இறங்கவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். எவ்வளவோ பார்த்தும் ஏழுமலை பிழைக்கவில்லை.

நான் போனபோது அறையில் கட்டில் இல்லை, கண்ணாடிகூட இல்லை, எல்லாம் ஏரிப் பக்கம் போயாயிற்று. பழக்க தோஷம், வரும் வழியிலேயே முள்ளுப் புதர்களையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். மெத்தை அங்கே இல்லை. வீட்டுப் பின்னால் துணிக்கொடியில், கழுவி, ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கியது. "அதையும் தூக்கிக் கடாசாம இன்னா இது?" என்று சொந்தக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். கன்னியம்மா மெத்தையைக் கொடியிலிருந்து உருவினார். ஈரத்தோடு மடித்து, மோட்டாரைப் பையில் போட்டு, என் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் தன் கையாலேயே வைத்தார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"எடுத்துக்கினு போங்க சிஸ்டர். நான் யோசிச்சிக்கினு இருந்த நாளெல்லாம் அவரு இடுப்புலதான் புண்ணா எறங்கிச்சு. அடுத்த வூட்ல யாரையும் யோசிக்க வுடாதீங்க."

மெத்தை இப்போது வேறோர் ஊரில் வேறொருவருக்காக ஓடிக்கொண்டிருக்கிறது, நானோ தெற்கே தலை வைத்து, நல்ல தலையணை போட்டு, இரண்டு பக்கமும் புரள முடிகிற உடம்போடு படுத்தும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறேன்.