ஹாஜராக்காவுக்கு வந்த பலகை

இந்த ஜெர்மன் சண்டை நாலு வருஷமாக இழுத்துக்கினு கிடப்பதற்கு ஒரே காரணம்தான். திண்டிவனம் மல்லாட்டைக் கிடங்கில் வேர்க்கடலை உடைக்கிற ஹாஜராக்காவை அங்கே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அனுப்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்கும். ரெண்டு பக்கத்து ஜெனரல்களும் வரிசையாகக் குந்தி மல்லாட்டை உடைத்துக்கினு இருப்பார்கள், சொத்தை தனி, நல்லது தனி.

அக்கா பிறந்தது கிளியனூர்ச் சேரியில், சின்னபொண்ணு என்ற பெயரில். தான் நாற்று நட்ட வயலின் வரப்பில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. டீக்கடையில் கொட்டாங்கச்சியில்தான் டீ. புருஷன் கண்ணையன் ஒருநாள் திண்டிவனத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் நாலு பேர் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம். அந்தத் தட்டுக்காகத்தான் முப்பத்தாறாம் வருஷம் கண்ணையன் காதரானார், சின்னபொண்ணு ஹாஜராவானார். முதல் வெள்ளிக்கிழமை விருந்தில் அந்தத் தட்டு வந்தது. அதற்கப்புறம் வரவே இல்லை. காதர் இப்போது விழுப்புரம் ஜங்ஷனில் கரி அள்ளுகிறார், மாசத்துக்கு ஒருதரம் வருவார். ஏழு வருஷம் ஆகியும் எங்கள் தெருவில் அவர்களுக்குப் பெயர் "புதுசு". ஏழு வருஷம் போட்ட செருப்பை எவனாவது புதுசு என்பானா?

எங்கள் மதரசாவில் பாடம் மரப்பலகையில். பலகைக்கு வெள்ளைக் களிமண் பூசிக் காயவைப்போம். ஓதிக்கொடுக்கிற அஜரத்து அதன் மேலே நாணல் பேனாவால் அன்றைய பாடத்தை எழுதுவார். மனப்பாடம் ஆனதும் கழுவி, அந்தத் தண்ணீரைத் தென்னைமரத்தின் அடியில்தான் ஊற்ற வேண்டும். வேத எழுத்து கரைந்த தண்ணீர், யார் காலிலும் படக் கூடாது. பலகை இல்லாதவர்கள் பாயில் உட்காரக் கூடாது என்பது சட்டம். பலகை கொடுக்கிறவர் பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி. முத்தவல்லி என் பெரியத்தா, அத்தாவுக்கு அண்ணன்.

புதுசுகளின் பிள்ளைகள் ஆறு பேருக்கும் பலகை இல்லை. வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் ஓதுவதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவார்கள். அதில் ஒருத்தி அக்காவின் மகள் பதுரு, எட்டு வயசு. அவள் எழுத்தைக் கண்ணால் பார்த்து ஓத வேண்டும், அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். காதால் கேட்டதை நாளைக்கு எவனும் மாற்றிச் சொல்லிவிடலாம் என்பார். தட்டு விஷயத்தில் பட்டவர் ஆயிற்றே.

அக்கா போய்க் கேட்கும்போதெல்லாம் பெரியத்தா அடுத்த ரமலானுக்கு ஆகட்டும் என்றார். அப்புறம் சண்டைக்காலம், மரம் கிடைக்கவில்லை என்றார். அதே மாசம் அவர் வீட்டுக்குப் பலாமரத்தில் புதுக்கதவு வந்தது. கதவுக்குச் சண்டைக்காலம் இல்லை போலிருக்கிறது. அந்த வாய்தான் வெள்ளிக்கிழமைதோறும் நம்மில் மேலே கீழே கிடையாது என்று பேசும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எங்கள் வீட்டில் சோறு பெரியத்தா போடுவது. அதனால் அவர் செருப்புக்குள் சாணி வைத்தேன். போன வருஷம் என் பலகையின் முதுகில் ஆணியால் தலைப்பாகை கட்டின ஆடு ஒன்று செதுக்கி, அதற்கு அவர் தாடியை வைத்து, தெருவே பார்க்க உதை வாங்கினேன். என் வீரம் அதோடு சரி.

நாலு நாளைக்கு முன்னால் விழுப்புரத்து வியாபாரி ஒருவர் பதுருவுக்குத் தர்மமாக ஒரு பலகை அனுப்பினார். பெயர் சொல்ல வேண்டாம் என்றாராம். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ரெண்டு பக்கமும் கனமாகக் களிமண் பூசியிருந்தது. அதே நாளில் என் பலகை தொலைந்துபோனதும், அஜரத்து மூன்று நாளாக என் உள்ளங்கையில் தினம் நாலு வைத்ததும் இதற்குச் சம்பந்தமில்லாத சங்கதிகள்.

இன்றைக்குப் பதுரு பலகையோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். அஜரத்து பெரியத்தாவைப் பார்த்தார். இதுங்க முதலில் சுத்தம் கற்றுக்கொள்ளட்டும், வாசலுக்கே போகச் சொல்லுங்கள் என்றார் பெரியத்தா. பதுரு எழுந்திருக்கவில்லை. பலகையை மார்போடு கட்டிக்கொண்டாள். நாங்கள் இருபது பேர் பாயைப் பார்த்துக்கினு இருந்தோம். நானுந்தான்.

வாசற்படியில் அக்கா நின்றார். கிடங்கிலிருந்து நேராக வந்திருக்கிறார், முக்காட்டில் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்தது.

"பலகை இல்லேன்னீங்க, மூணு வருஷம் கேட்டுக்கினேன். இப்போ பலகை இருக்குது. இன்னும் என்னா இல்லே, இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு ஒண்ணு, நாளானிக்கு ஒண்ணு வேணாம்."

"மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தான் கேக்கறேங்க. என்னா இல்லே?"

பெரியத்தா தாடியைத் தடவினார். அஜரத்து குனிந்து பேனாவை மையில் தொட்டார். பதுருவின் பலகையில் முதல் வரி ஏறியது. பெரியத்தா எழுந்து போய்விட்டார். மற்ற அஞ்சு பிள்ளைகளும் செருப்புப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கினு இருந்தார்கள்.

பாடம் முடிந்ததும் பலகையை அக்காவே தென்னைமரத்தடிக்குக் கொண்டுவந்தார். கிடங்குக் கை, எதையும் அரைகுறையாகச் செய்யாது. முன்பக்கம் கழுவினார், திருப்பிப் பின்பக்கமும் கழுவினார். களிமண் கரைந்து வழிய, தலைப்பாகை வந்தது, தாடி வந்தது, முழு ஆடும் வந்தது. நான் நழுவப் பார்த்தேன்.

"நில்லு, ஜக்கரியா. விழுப்புரத்து வியாபாரிக்கு நம்ம முத்தவல்லிய நல்லாத் தெரியும் போலக்குதே."

ரெண்டு பேரும் பழைய சிநேகிதம் என்றேன்.

"கையக் காட்டு."

காட்டினேன். வீங்கியிருந்த இடத்தில் ஈரக் கையை வைத்து அழுத்தினார். குளிர்ச்சியாக இருந்தது. கண்ணில் களிமண் தண்ணீர் தெறித்துவிட்டது, வேறொன்றுமில்லை.

"பலகை இல்லாதவங்க வாசல்லதானே உக்காரணும்?"

"ஆமாக்கா."

"மூணு நாளா உன்கிட்ட பலகை இல்லே. எங்கடா உக்காந்திருந்தே?"

வாசலைப் பார்த்தேன். அஞ்சு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

பாயில், என்றேன்.